காதால் போடும் கியர்

கடமலைக்குண்டிலிருந்து இலவம்பஞ்சு ஏற்றிக் கிளம்பும் லாரியும் தேங்காய் ஏற்றிய லாரியும் ஆண்டிபட்டிக் கணவாயை ஒரே கியரில் ஏறுவதில்லை. பஞ்சு வண்டி பார்வைக்குத்தான் பெரிது, எடை குறைவு. தேங்காய் வண்டி அடக்கமாகத் தெரியும். ஏற்றம் வந்ததும் இன்ஜினைத் திணறடிக்கும். எந்த நொடியில் கியரை இறக்குவது என்பதில்தான் ஓட்டுநரின் தேர்ச்சி தெரியும். இன்றைய லாரிகளில் இது எளிது. அசோக் லேலண்ட் காமெட், டாட்டா 1210 காலத்தில் அது கற்றுத் தேர வேண்டிய வித்தையாக இருந்தது.

1210 என்ற எண்ணிலேயே சிக்கல் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம், சுமையோடு சேர்த்து 12 டன். அடுத்த இரண்டு, ஏறத்தாழ 100 குதிரைத்திறன். இன்று சாதாரணக் கார் ஒன்றிலேயே அந்தத் திறன் உண்டு. கார் இழுப்பதோ ஒன்றேகால் டன், ஒன்றரை டன். இவ்வளவு குறைந்த பலத்தில் அவ்வளவு சுமையை மேடேற்ற வேண்டுமானால் இன்ஜினை அதற்குப் பிடித்த வேகத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

அந்த வேக எல்லை மிகவும் குறுகியது. பைக் இன்ஜின் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று போகும். பழைய லாரி டீசல் இன்ஜினில் 2400, 2800 வந்தாலே பம்பில் உள்ள கவர்னர் டீசலைக் குறைத்துவிடும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும் அவ்வளவு கனம். அதற்குமேல் சுற்றினால் தாங்காது. கீழே, ஆயிரத்தை ஒட்டி இறங்கிவிட்டாலும் ஆபத்து. ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டர் இழுக்கும் காற்றுக்கு ஓர் அளவுண்டு. ஆக்சிலேட்டரை மிதித்து அதற்குமேல் டீசலை ஊற்றினால் எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும். வண்டி உதறும், பேரிங் அடி வாங்கும். ஏற்றத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு முக்கும் லாரியைப் பார்த்தால், கியரை முன்பே இறக்கியிருக்க வேண்டும் என்று பொருள்.

இறக்குவதுதான் கடினம். பழைய கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழலும். கியர் போடுவதென்றால், அவற்றில் ஒன்றை ஷாஃப்டோடு பல்வைத்த வளையத்தால் பூட்டுவது. இரண்டின் வேகமும் ஒத்திருந்தால் வெண்ணெயாக விழும்; ஒத்திராவிட்டால் ‘கர்ர்’ என்று அரைக்கும், கைப்பிடி உதைக்கும். வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928லேயே அமெரிக்காவில் காடிலாக் காரில் வந்துவிட்டது. கனரக வண்டிகளில் அது பரவ வெகுகாலம் பிடித்தது. அமெரிக்க நெடுந்தூர லாரிகள் பலவற்றில் இன்றும் அது கிடையாது.

டாப் கியரில் 1600 சுற்றில் போகிறது வண்டி. நாலாம் கியருக்கும் டாப்புக்கும் விகிதம் ஒன்றரை என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் நாலாவது விழ இன்ஜின் 2400ல் சுற்ற வேண்டும். ஓட்டுநர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வருகிறார். கிளட்சை விடுகிறார். ஒரு ரேஸ் கொடுக்கிறார். மறுபடி மிதித்து நாலாவதைப் போடுகிறார். இதுதான் டபுள் கிளட்ச். நடுவில் கிளட்சை ஏன் விட வேண்டும்? மிதித்தபடி ரேஸ் கொடுத்தால் இன்ஜின் மட்டும் தனியே சுற்றும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஷாஃப்டுக்கு அந்த வேகம் போய்ச் சேராது. இதற்கிடையில் ஏற்றத்தில் வண்டி வேகம் இழந்துகொண்டே வரும். 2400 வேண்டிய இடத்தில் 2200 போதும் என்றாகிவிடும். எவ்வளவு குறையும் என்பது ஏற்றத்தின் செங்குத்தைப் பொறுத்தது. செங்குத்தான ஏற்றத்தில் சட்டென்று குறையும், மிதமான ஏற்றத்தில் மெதுவாகக் குறையும்.

இவ்வளவையும் கணித்தவர்கள் முன்னால் பெரும்பாலும் ஆர்பிஎம் மீட்டரே இருந்ததில்லை. காதுதான் மீட்டர். ஆறு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 1600 சுற்றில் நொடிக்கு 80 வெடிப்பு, 2400ல் 120. இரண்டுக்கும் விகிதம் 2:3. சட்ஜமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதே இடைவெளி. ‘ச’விலிருந்து ‘ப’வுக்கு இன்ஜினை ஏற்றி, அது சரியாக நிற்கும் கணத்தில் கைப்பிடியைத் தள்ளியிருக்கிறார்கள். சங்கீதம் படிக்காத கிளீனர் பையன்கள், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டே இதைப் பிடித்தார்கள். லாரி ஓட்டுவதை வெறும் உடலுழைப்பு என்று எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேல் கியருக்குப் போகும்போது கணக்கு தலைகீழ். இன்ஜின் 2400லிருந்து 1600க்கு இறங்கும்வரை நியூட்ரலில் காத்திருக்க வேண்டும். கனமான ஃப்ளைவீல் மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்படுபவர்கள் பல்லை உடைப்பார்கள்.

உயிரைப் பணயம் வைக்கும் இடம் இறக்கம். போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுமையோடு இறங்கும்போது கீழ் கியரைத் தேடி நியூட்ரலுக்கு வந்தால், அந்த ஓரிரு நொடியில் வண்டி வேகமெடுக்கும். முன்பு 2400ல் விழுந்திருக்க வேண்டிய கியருக்கு இப்போது 2700 வேண்டும், அடுத்த முயற்சிக்குள் 3000. கவர்னர் அதற்கு விடாது. கியர் இனி விழவே விழாது. மிஞ்சுவது பிரேக் மட்டும். டிரம் சூடேறச் சூடேற அதன் பிடிப்பும் குறையும். வலுக்கட்டாயமாகக் கியர் விழுந்துவிட்டாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. கவர்னரால் டீசலை நிறுத்த முடியும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதை நிறுத்த முடியாது. வால்வு திரும்புவதற்குள் பிஸ்டன் வந்து முட்டும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உச்சியிலேயே வண்டியை மெதுவாக்கி, ஏறி வந்த கியரையோ அதற்கும் ஒன்று கீழேயோ போட்டுக்கொண்டு முதல் வளைவில் இறங்கினார்கள். சமதரை வரும்வரை அதை மாற்றுவதில்லை.