நீர்ப் பூங்காக்களின் போட்டி: அங்கத்தினர் அறிய வேண்டுவன

சறுக்குப் பாதைகளும் செயற்கை அலைக்குளமும் அமைத்து, நுழைவுக் கட்டணம் பெற்று நடத்தப்படும் நீர்க் கேளிக்கைப் பூங்கா இந்நாளில் ஒரு பெருந்தொழிலாகும். ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்கள் இத்தகைய பூங்கா அமைக்கப் போவதாக ஒருங்கே அறிவித்தால் விளைவு யாது? தறிக்கும் ஏருக்கும் இதில் என்ன தொடர்பு என்று நம் அங்கத்தினர் வினவலாம். நிலமும் நீரும் வேண்டும் தொழில் இது. ஆதலின் தொடர்பு உண்டு.

முதலில் இதன் கணக்கைக் காண்போம். பூங்காவுக்கு ஆயிரம் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் கடன் வட்டி, பராமரிப்பு, மின்சாரம், காவலர் சம்பளம் ஆகியவை பெரும்பாலும் குறைவதில்லை. ஓராண்டு நிலைச்செலவு 10 கோடி ரூபாய் என்று கொள்வோம். 4 இலட்சம் பேர் வந்தால் ஆளுக்கு 250 ரூபாய் ஆகும். அதே 4 இலட்சம் பேர் இரு பூங்காக்களுக்குச் சரிபாதியாகப் பிரிந்து சென்றால், ஒவ்வொன்றிலும் ஆளுக்கு 500 ரூபாய் ஆகும். போட்டியினால் கட்டணத்தைக் குறைக்கவும் நேரும். வரவு குறைய, செலவு ஏற, வலுவற்றது நலியும். ஆகவே முந்திக் கட்டுபவருக்கே ஆதாயம் மிகுதி. பிந்தியவர் பலர் திட்டத்தையே கைவிடுவதும் உண்டு.

சந்தை அகன்றதாயின் நிலை வேறு. அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரில் 1977-இல் ஜார்ஜ் மில்லே என்பார் 'வெட் அண்ட் வைல்ட்' பூங்காவைத் தொடங்கினார். டிஸ்னி நிறுவனம் 1989-இலும் 1995-இலும் இரு நீர்ப் பூங்காக்களை அங்கே திறந்தது. உலகெங்குமிருந்து பயணிகள் வந்தமையால் பல பூங்காக்களுக்கு இடமிருந்தது. அங்கும் 'வெட் அண்ட் வைல்ட்' 2016 இறுதியில் மூடப்பட்டது. அதனை வாங்கியிருந்த யுனிவர்சல் நிறுவனம் 2017-இல் வேறொரு புதிய நீர்ப் பூங்காவைத் திறந்தது.

நம் மாநிலத்திலும் சான்று உண்டு. தாம்பரத்தை அடுத்து 1995-இல் கிஷ்கிந்தா தொடங்கப்பெற்றது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம். பூங்காக்கள் உள்ளன. கேரளத்தில் 2000-இல் கொச்சிக்கு அருகே தொடங்கிய வீகாலாண்ட் நிறுவனத்தார், பின்னர் வொண்டர்லா என்னும் பெயரில் 2005-இல் பெங்களூரிலும் 2016-இல் ஹைதராபாத்திலும் பூங்கா அமைத்தனர். அவர்களது சென்னைத் திட்டம் பல ஆண்டுகள் ஏட்டளவிலேயே இருந்தது. ஈற்றில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில், ஏறத்தாழ 64 ஏக்கரில், 611 கோடி ரூபாய் செலவில் உருவாகி, 2025 டிசம்பரில் திறக்கப்பெற்றது. இத்துணை வலிமையுள்ள நிறுவனத்துக்கே நெடுங்காலம் பிடித்தது என்பதை மறவாதிருத்தல் நன்று.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அறிவிப்பு வேறு, கட்டடம் வேறு. இரு திட்டங்கள் போட்டியிடும் பகுதியில் நிலத்தின் விலை பேச்சிலேயே ஏறும். ஒன்று கைவிடப்பட்டால் பேச்சும் அடங்கும். ஆகவே, முழுத்தொகை கைக்கு வராமல் விளைநிலத்தை எழுதிக் கொடுத்தலும், வரப்போகும் வேலையை நம்பித் தறியை விற்றலும் தகாது.

நீரைப் பற்றியும் கேட்டறிய வேண்டும். பூங்காவில் நீரை வடிகட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவர் என்பது மெய்யே. ஆயினும் ஆவியாகியும் சிதறியும் குறைவதை நாள்தோறும் ஈடுசெய்தல் வேண்டும். கூட்டம் மிகுவதும் கிணறு வற்றுவதும் அதே கோடையில்தான். ஜலகண்டாபுரம் சூழ்ந்த வறண்ட நிலப்பகுதியில் நீரின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ! மேட்டூர் உபரி நீரை 100 ஏரிகளுக்குக் கொண்டு செல்லும் 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2020-இல் அடிக்கல் நாட்டியதும் இவ்வருமை கருதியே.

எனவே இத்தகைய திட்டம் எவ்வூருக்கு வரினும், நீர் எங்கிருந்து எடுக்கப்படும், நாளொன்றுக்கு எவ்வளவு, கழிவுநீர் எங்கே செல்லும், உள்ளூரார்க்கு எத்தனை நிரந்தர வேலை என்னும் நான்கு வினாக்களைக் கிராம சபையில் எழுப்பி, விடையை எழுத்தில் பெறுதல் அங்கத்தினர் கடமையாகும். தனித்தனியே பேரம் பேசுவோர் ஏமாறுதல் எளிது. ஒன்றுகூடிக் கேட்போர்க்கு மறுமொழி கூறாதிருத்தல் அரிது.