தோட்ட லோரியின் பிரேக்கும் ஸ்டீரிங்கும்: பழுதின் முன்னறிகுறிகள்

கெடா மாநிலத்தில் பீடோங் முதல் பாலிங் வரையிலுள்ள ரப்பர் தோட்டங்களில் காலைப் பெரட்டு முடிந்தவுடன் லோரியின் வேலை தொடங்கிவிடுகிறது. தொலைவிலுள்ள நிரைகளுக்கு உர மூட்டைகளைக் கொண்டுசெல்வதும், சேகரித்த பாலையும் கட்டிப்பாலையும் தொழிற்சாலைக்குச் சேர்ப்பதும் அதன் கடமையாகும். பால் கெடுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்னும் அவசரம் ஓட்டுநருக்கு எந்நாளும் உண்டு. அந்த அவசரத்தில்தான், "பிரேக் கொஞ்சம் இறங்குகிறது, எண்ணெய் ஊற்றிக்கொண்டு போய் வந்துவிடலாம்" என்ற பேச்சு எழுகின்றது. ஊற்றியதும் மிதி சற்று மேலே வருகிறது, லோரியும் புறப்பட்டுவிடுகிறது. ஆனால் போன எண்ணெய் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு யாரும் விடை தேடுவதில்லை. அக்கேள்வியை விடாமல் கேட்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம். ஓட்டுநர்கள் மட்டுமன்றி, லோரியில் உடன் செல்லும் உதவியாளரும், சரக்கு ஏற்றும் தொழிலாளரும் இதனைப் படித்தல் நலம். கசிவை முதலில் காண்பவர் பெரும்பாலும் கீழே நிற்பவரே.

தோட்டங்களில் ஓடும் சிறிய, நடுத்தர லோரிகள் பலவற்றில் பிரேக்கின் விசையை ஒரு திரவமே சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்களின் வழியே தள்ளப்பட்டு, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சிறு சிலிண்டரை விரியச் செய்கிறது. அது பிரேக் பட்டையை டிரம்மின்மேல் அழுத்துகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க இயலாது. ஆகவே காலின் அழுத்தம் குறையாமல் சக்கரத்தை அடைகின்றது. காற்றோ சுருங்கும் தன்மை உடையது. குழாயில் சிறிது காற்று புகுந்துவிட்டால், காலின் அழுத்தம் அக்காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும். மிதி அப்போது இலவம்பஞ்சுத் தலையணையை மிதிப்பது போலிருக்கும்.

மிதி தளர்ந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பட்டறைக்காரருக்கு அதிகம் விளங்காது. எவ்வாறு தளர்ந்தது என்று கூற வேண்டும். லோரியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மிதியை அழுத்திப் பாருங்கள். மிதி பஞ்சுபோல் அமுங்கி, பலமுறை மிதித்தால் மேலே எழுந்து, சற்று நேரம் விட்டு மிதித்தால் மீண்டும் அமுங்குமாயின் குழாயில் காற்று இருக்கிறது எனக் கொள்ளலாம். முதல் மிதியில் வெகுதூரம் இறங்கி, உடனே இரண்டாம் முறை மிதிக்கும்போது உயரத்திலேயே கெட்டியாக நிற்குமாயின், பிரேக் பட்டைகள் தேய்ந்து, டிரம்முக்கும் அவற்றுக்கும் இடைவெளி கூடிவிட்டிருக்கக்கூடும். பட்டைகளைப் பார்த்து, சீர்செய்வதோ மாற்றுவதோ வேண்டும்.

காலை எடுக்காமல் ஒரே அளவாக அரை நிமிடம் அழுத்திக்கொண்டிருக்கையில் மிதி மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவது இவற்றினும் கொடியது. எங்கோ திரவம் வெளியேறுகிறது. அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து, திரவம் அதனைக் கடந்து பின்னே வழிகிறது. இரண்டாவது வகையில் வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கலத்திலும் அளவு குறையாது. 'எண்ணெய் நிறைய இருக்கிறதே' என்று ஓட்டுநர் ஏமாறுவது இங்கேதான். இத்தகைய லோரியை ஒரு மைல்கூட ஓட்டலாகாது.

மிதி தளராமல், மாறாகக் கல்லைப்போல் இறுகிவிடுவதும் உண்டு. அது பெரும்பாலும் பூஸ்டரின் குறை. எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை மிதித்துவிட்டு, அழுத்தியபடியே எஞ்சினை முடுக்கினால் மிதி சிறிது கீழே இறங்க வேண்டும். இறங்காவிடில் பூஸ்டருக்கு உதவி கிடைக்கவில்லை என்பது பொருள். முழுவதும் காற்று பிரேக்கில் ஓடும் பெரிய லோரிகளுக்கு மேற்சொன்ன சோதனைகள் பொருந்தா. அவற்றில் பார்க்க வேண்டியவை காற்றழுத்த முள்ளும், எச்சரிக்கை ஒலியும், சீறும் ஓசையும், காற்றுத் தொட்டியில் தேங்கும் நீருமேயாம்.

காலையில் நன்றாயிருந்த மிதி, மலைச்சரிவில் இறங்கிய பின் தளர்வதும் உண்டு. பாலிங், சீக் பக்கத்து மேட்டுநிலச் சாலைகளில் ஓட்டுவோர் இதனை அறிவர். பிரேக் திரவத்திற்குக் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் குணம் உண்டு. டாட் 3 என்னும் வகையின் கொதிநிலை புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருத்தல் வேண்டும் என்பது விதி. நீர் கலந்த நிலையில் அதற்கு விதித்த குறைந்த அளவு 140 பாகையே. சரிவு முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம்மின் சூடு சிலிண்டருக்கு ஏறி, பழைய திரவம் கொதித்து ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். மிதி வெறுமையாய்ப் போய்விடும். சற்று நேரம் நிறுத்தி ஆறவிட்டால் மிதி திரும்பிவிடும் என்பதால் பலர் அதை மறந்துவிடுகின்றனர். மறக்கத் தக்கதன்று. ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்த நம் நாட்டில், தயாரிப்பாளர் குறித்த காலத்தில் திரவத்தை முழுமையாக மாற்றுவது வீண் செலவாகாது. திறந்து வைத்த டின்னில் பல மாதம் கிடந்ததை ஊற்றுவதும் கூடாது. சரிவில் இறங்கத் தொடங்கும் முன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்வது ஓட்டுநரின் பொறுப்பு. இறங்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்பவருக்குச் சில வேளை கியர் விழுவதே இல்லை.

இனி, கசிவைத் தேடும் முறை. பிரேக் பட்டை தேயத் தேயக் கலத்தில் திரவம் சிறிது தாழ்வது இயல்பு. வாரந்தோறும் ஊற்ற வேண்டியிருந்தால் அது கசிவே. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும், ரப்பர் குழாய் இரும்புக் குழாயோடு சேரும் இடங்களையும், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு பொருந்தும் இடத்தையும் விளக்கொளியில் பார்க்க வேண்டும். டயரின் உட்பக்கம் நனைந்து புழுதி ஒட்டியிருப்பின், சக்கரத்துச் சிலிண்டரில் கசிவு இருக்கக்கூடும். அந்தத் திரவம் பட்டையின்மேல் படிந்துவிட்டால் அச்சக்கரம் பிரேக்கைப் பிடிக்காது. லோரி ஒரு பக்கமாக இழுக்கும். நனைந்த பட்டையைத் துடைத்து மாட்டுவதும், மணலில் தேய்த்து மாட்டுவதும் நாம் கேள்விப்படுபவை. அவை வேண்டா, மாற்றியே ஆக வேண்டும்.

லோரியின் அடியில் கிடக்கும் ஈரம் எதனுடையது என்று எப்படி அறிவது? நேற்று நின்ற இடத்தில் இன்று ஓர் அட்டையையோ பழைய செய்தித்தாளையோ விரித்து வைத்தால் போதும். எஞ்சின் எண்ணெய் கறுத்துப் பிசுபிசுக்கும். ஸ்டீரிங் எண்ணெய் பல லோரிகளில் செந்நிறமாயிருக்கும், நாளானால் பழுப்பாகும். பிரேக் திரவம் வெளிர்மஞ்சளாக, வழவழப்பாக, நீர் ஊற்றினால் கழுவிப் போவதாக இருக்கும். பட்ட இடத்தில் சாயத்தையும் உரித்துவிடும். அது நஞ்சு. குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைப்பதை எக்காரணங்கொண்டும் செய்யலாகாது.

ஸ்டீரிங் கசிவிற்கு வருவோம். பவர் ஸ்டீரிங் உள்ள லோரியில் எஞ்சினால் இயங்கும் ஒரு பம்பு எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் ஸ்டீரிங் பெட்டிக்கு அனுப்புகிறது. வேலை முடிந்த எண்ணெய் மற்றொரு குழாய் வழியே கலத்திற்குத் திரும்புகிறது. கசிவு நேரும் இடங்கள் சிலவே: அழுத்தக் குழாயின் இரு முனைகள், திரும்பும் குழாயின் பட்டை, பம்பின் தண்டைச் சூழ்ந்த சீல், ஸ்டீரிங் பெட்டியின் கீழே தண்டு வெளிவரும் இடத்துச் சீல். எல்லாவற்றையும் முதலில் துடைத்துச் சுத்தம் செய்துவிட வேண்டும். அழுக்கின்மேல் தேடினால் பழைய ஈரமும் புதிய ஈரமும் ஒன்றாகத் தெரியும். பின்பு எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் திருப்ப, மற்றவர் விலகி நின்று பார்க்கலாம். கடைசி வரை திருப்பிய நிலையில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து நிறுத்தக்கூடாது. பம்பு சூடேறிப் பழுதாகும். அழுத்தக் குழாயைக் கையால் தடவிக் கசிவு தேடவே கூடாது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். காயம் கொசுக்கடிபோல் தோன்றினும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதாகும். ஓர் அட்டைத் துண்டை அருகில் நீட்டினால் கறை காட்டிக்கொடுத்துவிடும். சூடான புகைக்குழாயின்மேல் இவ்வெண்ணெய் விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

கலத்தில் எண்ணெய் நுரைத்திருந்து, திருப்பும்போது பம்பு முனகினால், எண்ணெய் குறைந்தோ, உறிஞ்சும் பக்கம் தளர்ந்தோ காற்று புகுகிறது. எண்ணெய் முழுதும் போய்விட்டால் ஸ்டீரிங் அறவே விட்டுப்போவதில்லை. ஆனால் பாரம் ஏற்றிய லோரியை வளைவில் திருப்ப இருவர் பலம் தேவைப்படும். அது வளைவின் நடுவில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ஊர்வலப் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசார் ஒன்பதுபேர், கல் ஏற்றி வந்த லோரியொன்று மோதி உயிர்துறந்தனர். அதனை ஆராய்ந்த சிறப்புக் குழு, அந்த லோரியின் ஸ்டீரிங் செயலிழந்ததையும் மிகைப்பாரத்தையும் சுட்டிக்காட்டியது. ஸ்டீரிங் பழுதுகள் யாவும் எண்ணெய்க் கசிவினால் வருபவை அல்ல. இணைப்புக் கம்பிகளின் தேய்மானமும் பார்க்கப்பட வேண்டும்.

இவ்விரு திரவங்களையும் மாற்றி ஊற்றுவதால் வரும் கேட்டை ரப்பர் தோட்டத்தாருக்கு எளிதில் விளக்கலாம். ரப்பர் துண்டைச் சில நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் வீங்கிக் குழைந்துபோவதைக் கண்டிருப்பீர்கள். பிரேக் சிலிண்டரின் கப்புகள் கனிம எண்ணெயைத் தாங்காத ரப்பர் வகையால் ஆனவை. பிரேக் திரவம் பெயருக்குத்தான் எண்ணெய். அதில் ஸ்டீரிங் எண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ சிறிது கலந்தாலும் கப்புகள் வீங்கிவிடும். பிரேக் முதலில் பிடித்தபடியே நிற்கும்; பின்னர் பிடிக்காமலே போகும். அதன்பின் திரவத்தை வடித்தால் மட்டும் போதாது. ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். ஸ்டீரிங் குழாய்களோ எண்ணெய் தாங்கும் செயற்கை ரப்பரால் ஆனவை. ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சொட்டும் எண்ணெய் கீழே செல்லும் பிரேக் குழாயை நாள்தோறும் நனைத்தால், ஒரு பழுது மற்றொன்றைப் பெற்றுவிடுகிறது. சிறு கசிவுதானே என்று விடலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றை வெளியேற்றும் வேலைக்கு இருவர் வேண்டும். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குவர். கையேடு வேறு முறை சொன்னால் அதுவே சரி. நிப்பிளில் தெளிந்த குழாயை மாட்டி, மறுமுனையைத் திரவம் உள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் திறந்து, குமிழிகளை வெளியேற்றி, மூடிய பின்னரே காலை எடுக்கலாம். இடையில் கலம் வறண்டுவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். காற்று புகுந்த வழியை அடைக்காமல் இதைச் செய்தால் அடுத்த வாரமும் செய்ய நேரும்.

வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆறு மாதத்திற்கு இடையில் வரும் பழுதை அந்தச் சான்றிதழ் அறியாது. ஆகவே ஓட்டுநர் கண்ட குறையை வாய்ச்சொல்லாக விடாமல், தேதியிட்டு லோரிப் புத்தகத்தில் எழுதி, கிராணியிடமோ நிர்வாகியிடமோ காட்டிவிடுவது நல்லது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இங்கே குறிப்பிடத்தக்கது. உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை நீக்க நடவடிக்கை எடுக்காதபோது அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையை அது வழங்குகிறது. தரைவரை இறங்கும் மிதியோடு ஒரு லோரியை எடுக்க மறுப்பவரைச் சோம்பேறி என்று ஏசுவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பழுது நீக்கி வந்த லோரியை அன்றே பால் ஏற்றி அனுப்பிவிடலாகாது. முதலில் வெறும் வண்டியாகத் தோட்டத்துச் சமதரையில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பாதித் தொட்டிப் பால் பிரேக் போட்டதும் முன்னோக்கி அலைமோதி வண்டியைத் தள்ளும் என்பதால், பாரத்துடன் பார்க்கும் இரண்டாம் சோதனையும் உண்டு. அன்றிரவு லோரி நிற்கும் இடத்தில் புதிய அட்டையொன்றை விரித்துவைத்து, மறுநாள் பெரட்டுக்கு முன் எடுத்துப் பாருங்கள்.