பழைய பிக்கப் வண்டியில் எழும் சப்தமும் அதன் மூலத்தைக் கண்டறியும் விதமும்

கறிகாய், பூ, பழம் முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்களிடையே சிறிய பாரவண்டிகள் பெருகியிருப்பது யாவரும் அறிந்ததே. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் 1925-ம் வருஷத்தில் தங்கள் மாடல் டி மோட்டாரின் பின்புறத்தில் சாமான் பெட்டி ஒன்றைப் பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியது முதல் இவ்வகை வண்டி பண்ணை வேலைக்கு உகந்ததென்று பெயர் பெற்றது. இந்தியாவில் 2005-ல் இரண்டு ஸிலிண்டர் டீஸல் யந்திரத்துடன் டாட்டா ஏஸ் வெளிவந்த பிறகு, சிறு நிலமுடையோரும் சொந்தத்தில் வண்டி வைத்துக்கொள்வது சாத்தியமாயிற்று. அக்காலத்தில் வாங்கிய வண்டிகளில் பல இன்றும் ஓடுகின்றன. இரண்டு மூன்று கைமாறி வந்தவையும் அவற்றுள் உண்டு.

இத்தகைய வண்டி ஒரு நாள் புதிதாக ஒரு சப்தம் செய்யத் தொடங்கும்போது உடையவர் இரண்டு விதமாகத் தவறுவதுண்டு. சிலர் அதைக் காதில் வாங்காமலே ஓட்டிக்கொண்டிருந்து, பாரத்துடன் சக்கரம் கழன்று போகும் வரையில் காத்திருப்பர். வேறு சிலர் பயந்துபோய்ப் பட்டறையில் வண்டியை விட்டு, யந்திரத்தை இறக்கிப் பிரிக்க வேண்டுமென்ற சொல்லுக்கு உடனே சம்மதித்து, ஒரு போகத்து வருமானத்தை அதில் போக்கிவிடுவர். வண்டியைப் பிரிக்குமுன் அரை நாள் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்பவருக்கு இவ்விரண்டும் நேருவது அரிது.

சப்தம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுவதில் பயனில்லை. இரும்புச் சட்டத்தின் வழியே சப்தம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுமாகையால், பின் சக்கரத்தில் பிறந்தது ஓட்டுபவர் காலடியில் கேட்கும். அது எதனோடு தாளம் ஒத்து வருகிறது என்பதே முதலில் அறிய வேண்டியது. யந்திரத்தின் வேகத்தோடு ஏறி இறங்குவது ஒரு வகை. வண்டியின் ஓட்டத்தோடு ஏறி இறங்குவது இரண்டாம் வகை. மேடு பள்ளத்தில் மட்டும் வருவது மூன்றாம் வகை. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து யந்திரத்தை மெதுவாகவும் வேகமாகவும் ஓடவிட்டால் சப்தம் கேட்குமாயின் அது முதல் வகையைச் சேர்ந்தது. நின்றபடி கேளாமல் ஓட்டத்தில் மட்டும் கேட்டால், ஜனநடமாட்டமில்லாத சமதளச் சாலையில் சற்று வேகமாய்ச் சென்று கியரை நியூட்ரலுக்குக் கொணர்ந்து வண்டியைத் தானே உருளவிட வேண்டும். அப்பொழுதும் சப்தம் மாறாமல் நின்றால் குற்றம் யந்திரத்தில் இல்லை. இச்சோதனையை இறக்கத்தில் செய்யலாகாது. யந்திரத்தின் சாவியையும் அணைத்துவிடக் கூடாது. அணைத்தால் பிரேக்குக்குத் துணையாக உள்ள சக்தி போய்விடுவதுடன் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும்.

மூன்றாம் வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆசனத்தின் பின்னால் கிடக்கும் ஜாக்கிக் கம்பி, பின்கதவின் சங்கிலி, தளர்ந்த சைலன்ஸர் பட்டி ஆகிய இவையே பெரும்பாலான பேய்ச் சப்தங்களுக்குக் காரணம். அவற்றை எடுத்தோ கட்டியோ வைத்த பிறகும் சப்தம் நிற்காவிடில் வில்பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஒடிந்த பட்டையின் விரிசலில் துருக்கோடு தெரியும். பட்டையின் முனையிலுள்ள புஷ் தேய்ந்திருந்தால் கடப்பாரையால் நெம்பும்போது ஆடும்.

ஓட்டத்தோடு வரும் சப்தத்திற்குக் கணக்கு ஒன்று துணை செய்யும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஒரு சக்கரத்தில் சுண்ணாம்பால் அடையாளமிட்டு, நியூட்ரலில் இருவர் மெதுவாகத் தள்ள, ஒருவர் கூடவே நடந்து கேட்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் ஒரு தரம் ‘டக்’ என்று கேட்டால் குற்றம் சக்கரத்திலோ, பிரேக் டிரம்மிலோ, டயரிலோ உள்ளது. டயரின் பள்ளத்தில் சிக்கிய கூழாங்கல்லும் இவ்வாறே ஒலிக்கும். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கைந்து தரம் கேட்டால், யந்திரத்தின் சக்தியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டைச் சந்தேகிக்கலாம். பின் அச்சிலுள்ள பல்சக்கரங்களின் அளவினால் அத்தண்டு சக்கரத்தைப்போல் சுமார் நான்கு மடங்கோ அதற்குச் சற்று மேலோ சுற்றுகிறது. அதன் முனைகளிலுள்ள யூனிவர்சல் ஜாயிண்டைப் பட்டறைகளில் ‘கிராஸ்’ என்பர். கிரீஸ் வற்றித் தேய்ந்த கிராஸ், வண்டி புறப்படும்போதும் ஆக்ஸிலரேட்டரை விடும்போதும் ஒரு தரம் ‘டொக்’ என்று தட்டும். தண்டைக் கையால் பிடித்து இருபுறமும் முறுக்கிப் பார்த்தால் ஆட்டம் தெரியும். பின் அச்சின் பல்சக்கரங்கள் தேய்ந்தாலோ, தட்டலுக்குப் பதிலாக ஊளைபோன்ற ஒலி எழும்; சக்தி கொடுக்கும்போது ஒரு ஸ்வரமும் விடும்போது வேறு ஸ்வரமுமாக அது மாறும்.

யந்திரத்தோடு ஏறி இறங்கும் சப்தத்தில்தான் ஏமாற்றம் அதிகம். முதலில் கிளட்சுப் பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். மிதித்தால் வந்து, விட்டால் மறையும் கரகரப்பு கிளட்சுப் பேரிங்கைச் சேர்ந்தது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது வந்து, மிதித்தால் மறைவது கியர்பெட்டியின் முன் பேரிங்கைச் சேர்ந்தது. கீச்சென்ற ஒலியானால் மின்விசிறிப் பெல்ட்டின்மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். ஒலி சிறிது நேரம் மாறினால் காரணம் பெல்ட்தான்.

பேரிங் சப்தங்களைப் பிரித்தறிய நீண்ட திருப்புளி ஒன்று போதும். அதன் கூர் முனையை வாட்டர் பம்பு, டைனமோ முதலியவற்றின் உடல்மீது ஒவ்வொன்றாக வைத்து, கைப்பிடியைக் காதின் அருகே எலும்பில் அழுத்திக் கேட்டால் குற்றமுள்ள இடம் தெளிவாக ஒலிக்கும். 1816-ல் பிரெஞ்சு வைத்தியர் லென்னெக் நோயாளியின் மார்பில் குழாய் வைத்துக் கேட்டதும் இதுபோன்ற வழியே. இவ்வேலையில் தோள்துண்டும் தொங்கும் வேட்டி முனையும் கூடவே கூடாது. விசிறி அவற்றைப் பற்றி இழுத்தால் கையும் உடன் போகும். கதவடைத்த கொட்டகையில் யந்திரத்தை ஓடவிடுவதும் உயிருக்கு ஆபத்து; புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிச் செல்லும் ஒரு பழைய வண்டியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலையில் கிளப்பியதும் ‘டக் டக்’ என்ற பலத்த ஓசை. ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் அது குறைந்து மறைகிறது. ‘கிராங்க் போய்விட்டது, யந்திரத்தை இறக்க வேண்டும்’ என்று ஒருவர் சொல்கிறார். உடையவர் கவனிக்க வேண்டியது அந்த மறைவையே. கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து தட்டுமானால், எண்ணெய் கெட்டியாயிருக்கும் குளிர்ந்த வேளையில் தட்டல் அடங்கியிருந்து, எண்ணெய் சூடேறி இளகிய பின் ஓங்குவதே வழக்கம். மாறாக, குளிரில் உரத்துச் சூட்டில் மறையும் ஓசை, புகைக்குழாய் யந்திரத்தோடு சேரும் மூட்டில் காஸ்கெட் பிய்ந்து புகை கசிவதால் உண்டாவதாக இருக்கலாம். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டு ஓசை நின்றுவிடுகிறது. மூட்டின் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் விளங்கும். குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பியவுடன் மூட்டின் அருகே, தொடாமல், கையை வைத்தால் ‘பஸ் பஸ்’ என்று காற்று அடிப்பதையும் உணரலாம். காஸ்கெட்டும் இரண்டொரு போல்ட்டும் மாற்றும் செலவு, யந்திரம் இறக்கும் செலவில் மிகச் சிறு பங்கே. டீஸல் யந்திரம் குளிரில் சற்றுக் கரடாகத் தட்டுவது இயல்பே என்பதையும் மறக்கலாகாது.

பழைய பம்பு உள்ள யந்திரங்களில் ஒவ்வொரு ஸிலிண்டரின் டீஸல் குழாய் நட்டையும் சிறிது தளர்த்தி, எந்த ஸிலிண்டரை நிறுத்தினால் தட்டல் குறைகிறதென்று பார்க்கும் வழக்கம் மிஸ்திரிகளிடம் உண்டு. இதில் ராடின் தட்டலும் புகைக் கசிவின் ஓசையும் இரண்டுமே குறையுமாகையால், இதனால் ஸிலிண்டர் எதுவென்று தெரியுமேயன்றி வியாதி எதுவென்று தெரியாது. காமன் ரெயில் முறையில் அமைந்த புதிய வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. அவற்றின் குழாயில் டீஸலின் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேலாகும். ஊசிபோல் பீறிடும் துளி தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். சூடேறிய பின் ஆழ்ந்த தட்டல் வந்து எண்ணெய் விளக்கும் எரியுமானால், வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திக் கட்டி இழுத்து வருவது சிலாக்கியம்.

மேற்சொன்ன வண்டியில் காஸ்கெட் மாற்றியதும் யந்திரம் அமைதியாயிற்று என்று கொள்ளலாம். அதுவரை பெரிய ஓசையில் மறைந்திருந்த வேறொன்று அப்பொழுது காதுக்கு எட்டுகிறது: 40 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும் ஒரு ரீங்காரம். நியூட்ரலில் உருளும்போதும் அது நீங்கவில்லை. தார்ச் சாலையிலிருந்து சிமெண்டுச் சாலைக்குப் போனாலும் தொனி மாறவில்லை. மாறியிருந்தால் டயரைச் சந்தேகிக்கலாம். வண்டியை இடப்புறம் வளைக்கும்போது ரீங்காரம் ஓங்குகிறது, வலப்புறம் வளைக்கும்போது தணிகிறது. இடப்புறம் வளையும்போது பாரம் வலப்புறச் சக்கரங்களின்மேல் சாய்வதால், குற்றம் வலப்புறச் சக்கரப் பேரிங்கில் என்று ஊகிக்கலாம். யந்திரத்தைப் பற்றிய கவலையில் ஒருவரும் கவனியாத இதுவே உயிருக்கு உலைவைக்கக்கூடியது. முற்றும் தேய்ந்த பேரிங் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அல்லது சக்கரத்தை நழுவவிடும்.

ஊகத்தை உறுதி செய்ய, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கெட்டியான தரையில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, சட்டத்தின் கீழ் மரக்கட்டையும் தாங்கலாக வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுந்தவர் பலர் திரும்பவில்லை. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். ஒரு கையை வில்பட்டையின்மேல் வைத்து மறுகையால் சக்கரத்தைச் சுற்றினால், கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு மணலை அரைப்பதுபோல் கைக்குத் தெரியும்.

கழற்றிய கூம்பு ரோலர் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பார்க்க வேண்டும். ரோலரிலோ அது உருளும் வளையத்திலோ குழியோ, சூட்டினால் ஏற்பட்ட நீலநிறமோ காணப்பட்டால் வளையத்தோடு சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய வளையத்தில் புது ரோலரை வைப்பது வீண். கிரீஸை ரோலர்களின் இடையே உட்புகும்படி உள்ளங்கையால் அழுத்தி ஏற்றவேண்டுமேயன்றி ஹப்பு முழுவதும் திணித்து நிரப்பலாகாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ரோலர்கள் படிந்த பின் வண்டி தயாரித்தோர் குறித்த அளவுக்குத் தளர்த்தி, புதிய பிளவு ஆணி போட்டு மடக்க வேண்டும். முன் கழற்றிய ஆணியையே நிமிர்த்திப் போடுவதில் மிச்சமாகும் காசு மிகச் சொற்பம். சில வண்டிகளில் பேரிங்கும் ஹப்பும் ஒன்றாய் அடைக்கப்பட்டு வரும். அவற்றைச் சரிப்படுத்த முடியாது, முழுதாகவே மாற்ற வேண்டும். பின்னர் பாரமின்றி 20 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இருபுற ஹப்புகளின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒத்துப் பார்த்து, ஒன்று மட்டும் அதிகமாய்ச் சுடுமானால் நட்டை மீண்டும் தளர்த்தி வைத்த பிறகே தக்காளிப் பெட்டிகளை ஏற்றலாம்.