மூளைக்கு எந்தக் கொழுப்பு, எந்த வயதில்?

நீர் நீக்கிப் பார்த்தால் மூளையின் எடையில் ஏறத்தாழ பாதி கொழுப்புதான். அதில் பலவற்றை மூளை தானே தயாரித்துக்கொள்ளும். ஒமேகா-3 வகையைச் சேர்ந்த டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலத்துக்கோ அது பெரிதும் உணவை நம்பியிருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் ரத்தத்திலிருந்து டிஎச்ஏ வேகமாகச் சிசுவின் மூளைக்குப் போய்ச் சேருகிறது. பிறந்த பின் தாய்ப்பால் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது.

அப்படியென்றால் கர்ப்பிணிகள் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கூடுதல் அறிவோடு பிறக்குமா? ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 800 மில்லிகிராம் டிஎச்ஏ, மற்றவர்களுக்குச் சாதாரணத் தாவர எண்ணெய். 2010-இல் முடிவு வெளியானது: ஒன்றரை வயதில் இரு தரப்புக் குழந்தைகளின் அறிவுத்திறனிலும் வித்தியாசமில்லை. ஏழு வயதில் மீண்டும் சோதித்தபோதும் இல்லை. ‘புத்திசாலிக் குழந்தை’ என்று ஆசை காட்டி விற்கப்படும் மாத்திரைகளுக்குப் பணம் கொடுக்கும் முன் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 29 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும் குழந்தைக்கு அந்தக் கடைசி மூன்று மாதச் சேமிப்பு கிடைப்பதே இல்லை. அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்ற அளவில் டிஎச்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் ஆஸ்திரேலியக் குழந்தைகளின் ஐந்து வயது நுண்ணறிவு மதிப்பெண் 2022-இல் வெளியானது. டிஎச்ஏ பெற்றவர்களின் சராசரி 95.4, பெறாதவர்களுடையது 91.9. சிறிய வித்தியாசம்தான். ஆனாலும் வாழ்க்கையின் வாசலிலேயே பின்தங்கிவிடும் குழந்தைகளுக்கு அது பெரிது. அதே ஆய்வில் நுரையீரல் பாதிப்பு குறையவில்லை. கூடியிருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. ஆகவே இது மருத்துவர் மட்டுமே எடுக்க வேண்டிய முடிவு.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாகப் படுவது இதுதான்: பற்றாக்குறை இருக்கும் இடத்தில் டிஎச்ஏ உதவுகிறது, போதுமான அளவு இருக்கும் இடத்தில் மேலும் ஊற்றுவதால் பயனில்லை. முதுமையிலும் காலம் தாழ்ந்த மாத்திரை கைகொடுக்கவில்லை. அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகள் 402 பேர் பங்கேற்ற ஆய்வில் ஒன்றரை ஆண்டு டிஎச்ஏ கொடுத்தும் நினைவிழப்பின் வேகம் குறையவில்லை.

உணவில் டிஎச்ஏ தேட விலையுயர்ந்த சால்மன் வேண்டியதில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் போதும். சைவ உணவுக்காரர்கள் நம்பும் ஆளிவிதையிலும் வால்நட்டிலும் இருப்பது வேறொரு ஒமேகா-3. உடல் அதில் மிகச் சிறு பங்கைத்தான் டிஎச்ஏவாக மாற்றும். மீனுக்கே டிஎச்ஏ வருவது கடல் நுண்பாசியிலிருந்துதான். எனவே மீன் தொடாத கர்ப்பிணி, பாசி எண்ணெய் தேவையா என்று தன் மருத்துவரிடம் கேட்கலாம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். ஆனால் பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. வளரும் மூளைக்கு அது கேடு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. அன்போடு பரிமாறப்படும் அந்தத் தட்டில் சுறாவுக்குப் பதிலாக மத்தியோ நெத்திலியோ இருக்கட்டும்.