வாலைக் கடிக்கும் நாயும் வைத்தியம் தெரியாத டாக்டரும்

சென்ற மாதம் பஜனை முடிந்து பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, நம் சங்கத்து மாமி ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "டாக்டர், எங்க வீட்டு நாய் ஓயாம வாலைக் கடிச்சுக்கறது. நேத்து ரத்தமே வந்துடுத்து. நீங்க டாக்டராச்சே, ஏதாவது மருந்து எழுதிக் குடுங்களேன்" என்றார்.

நான் மனிதர்களுக்கு வைத்தியம் செய்பவன். நாய்க்கு மருந்து எழுத எனக்குப் படிப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆனால் இதே விஷயத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்திருக்கிறேன். அதைச் சொன்னால் மாமிக்கு மட்டுமன்றி, நாய் வளர்க்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது. ஆகவே வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

2020-ஆம் வருஷம் கொரோனா காரணமாகப் பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது, கர்க்லாண்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு மணி வந்து சேர்ந்தான். பழுப்பு நிறம், கலப்பு ஜாதி, நீண்ட வால். இரண்டு வருஷம் அவனுக்குத் தனிமை என்றால் என்னவென்றே தெரியாது. 2022 இலையுதிர் காலத்தில் நிலைமை மாறியது. பெண் வெளியூரில் படிக்கப் போனாள். பையன் பள்ளிக்கூடம். நானும் மனைவியும் வேலைக்கு. காலை எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால் மாலை ஐந்து மணிவரை மணி மட்டுமே வீட்டில்.

ஒரு நாள் மாலை அவன் தன் வாலைத் துரத்திக்கொண்டு வட்டமாகச் சுற்றினான். நாங்கள் சிரித்தோம். கை தட்டினோம். பையன் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினான். விருந்தினர் வந்தால் "மணி, சுத்து!" என்று சொல்லும் அளவுக்கு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. சில நாளில் சுற்றுவது போய்க் கடிப்பது ஆரம்பித்தது. வால் நுனியில் முடி கொட்டியது. பிறகு புண்.

அப்போதாவது மிருக வைத்தியரிடம் போயிருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டாக்டராக இருப்பவனுக்கு ஒரு புண் பெரிதா என்ற அகம்பாவம்! வீட்டில் இருந்த களிம்பைத் தடவினேன், நக்கிவிட்டான். கட்டுப் போட்டேன், பிய்த்தெறிந்தான். அதட்டினேன், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தான். மூன்று வாரம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைச் சுவரில், முழங்கால் உயரத்தில், ரத்தக் கோடுகள். புண்பட்ட வாலை ஆட்டியபடி எங்களை வரவேற்றுக்கொண்டு நின்றான் மணி.

அன்றே ஓடினோம். "எத்தனை நாளாக?" என்று கேட்டார் அந்த மிருக வைத்தியப் பெண்மணி. "மூன்று வாரம்" என்றேன். என் நோயாளி யாராவது மூன்று வாரம் கைவைத்தியம் பார்த்துவிட்டு வந்தால் நான் என்ன சொல்வேனோ, அதை அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்தில் எழுதியிருந்தது. சீழ் எலும்புவரை போயிருந்தால் வாலின் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்திருக்கும் என்றார்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது இது: வாலைக் கடிப்பது ஒரு நோய் அல்ல, ஒரு புகார். புகாரின் காரணத்தை முதலில் உடம்பில் தேட வேண்டும். பிறகுதான் மனத்தில்.

உடம்பில் முதல் குற்றவாளி தெள்ளுப்பூச்சி. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், வாலடியும் இடுப்பும் அரித்துத் தள்ளிவிடும். "இந்தப் பனியில் பூச்சி ஏது?" என்று கேட்காதீர்கள். நாம் சூடேற்றி வைத்திருக்கும் வீடு அதற்கும் சௌகரியமே. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, உதிரும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது ஜீரணமான ரத்தம்.

இரண்டாவது, ஆசனவாயின் இரு பக்கமும் உள்ள சிறு சுரப்பிப் பைகள். அவை அடைத்துக்கொண்டால் நாய் தரையில் உட்கார்ந்தபடியே தேய்த்து நகரும், வாலடியைக் கடிக்கும். மூன்றாவது, உணவு ஒவ்வாமை. இதைக் கண்டுபிடிக்க வைத்தியர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரமாவது கொடுக்க வேண்டும். இடையில் பாட்டி பரிந்து ஒரு கவளம் தயிர்சாதம் போட்டால் சோதனை வீண். நான்காவது, வலி. கதவில் நசுங்கிய வால், முதுகின் அடிப்பகுதியில் அழுந்திய நரம்பு ஆகியவையும் வாலைக் கடிக்கத் தூண்டும்.

மணிக்கு இருந்தது தெள்ளு. மருந்து கொடுத்தோம், மெத்தை விரிப்புகளை வெந்நீரில் துவைத்தோம், கழுத்தில் புனல் போன்ற வளையம் கட்டினோம். அரிப்பு போயிற்று, புண் ஆறத் தொடங்கியது. ஆனால் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை! அரிப்பால் ஆரம்பித்ததைத் தனிமை பழக்கமாக்கியது. எங்கள் கைதட்டல் அதற்குச் சம்பளம் கொடுத்தது.

மனிதர்களில் சிலர் திரும்பத் திரும்பக் கை கழுவுவார்களே, அதற்கும் இதற்கும் உறவு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராப்பபோர்ட்டும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காலை ஓயாமல் நக்கிப் புண்ணாக்கிய நாய்களுக்கு, கை கழுவும் நோயாளிகளுக்குத் தரும் குளோமிப்ரமின் மருந்தையே கொடுத்தபோது நக்குவது குறைந்தது. 2012-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 368 நாய்களை ஆராய்ந்ததில், வாலைத் துரத்தும் நாய்கள் மற்றவற்றைவிடச் சிறு வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை என்று தெரிந்தது. ஆகவே அது குறும்பும் அல்ல, திமிரும் அல்ல.

எங்களுக்குச் சொல்லப்பட்ட முறை எளியது. சுற்றும்போது சிரிக்கவும் கூடாது, அதட்டவும் கூடாது. மெதுவாக அழைத்து வேறு வேலை கொடுக்க வேண்டும். காலையில் நல்ல நடை. உணவைத் தட்டில் கொட்டாமல், உருட்டித் தேடித் தின்னும்படி பொம்மைக்குள் வைப்பது. பகலில் ஒரு முறையாவது யாராவது வருவது. இவற்றால் அடங்காவிட்டால் மருந்து உண்டு; மணிக்கு அது தேவைப்படவில்லை.

பகலில் யார் வருவது? நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், மனைவியை இழந்து மகன் வீட்டில் இருப்பவர், நான் கேட்குமுன்பே "நான் போறேனே" என்றார். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு, பனியானாலும் வெயிலானாலும், அவரும் மணியும் தெருக்கோடிவரை போய் வருவார்கள். அதுவரை பகல் முழுவதும் படுக்கையிலேயே கிடந்தவர் அவர் என்பதைப் பின்னால் அவர் மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இருவருக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

சில எச்சரிக்கைகள். பாரசிட்டமால், இபுப்ரோஃபென் முதலிய நம் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள், அவை விஷமாகலாம். நம் களிம்புகளும் அப்படியே. வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசினால் நக்கி விழுங்கும், புண்ணின் நிலையும் தெரியாது. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். கோவிலிலிருந்து ஆசையாகக் கொண்டுபோகும் சர்க்கரைப் பொங்கலில் உள்ள உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். பிரசாதம் நமக்கு மட்டும் இருக்கட்டும்.

"வாலை வெட்டிவிட்டால் தீர்ந்தது" என்று ஒரு நண்பர் சொன்னார். தீராது. காரணம் உள்ளே இருக்க வாலை வெட்டினால், நாய் மிச்சத்தைக் கடிக்கும், அல்லது காலைக் கடிக்கும். மேலும் மருத்துவக் காரணமின்றி நாயின் வாலை வெட்டுவதைக் கியூபெக் அரசு 2024 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரியை அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி. இங்கே அதைப் போன்றது மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு. நகருக்குக் கிழக்கே செயிண்ட் ஹயசிந்த் என்ற ஊரில் இருக்கிறது. உள்ளூர் வைத்தியரால் முடியாததை அவர் கடிதத்தோடு அங்கே கொண்டுபோகலாம்.

மாமிக்கு நான் சொன்னது ஒரே வரிதான்: "நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். என்னைப் போல் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள்."

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நிமிர்த்த வேண்டாம், புண்ணாகாமல் காப்பாற்றினால் போதும். மணியின் வால் நுனியில் ஓர் அங்குலத்துக்கு இன்றும் முடி முளைக்கவில்லை. நான் வீடு திரும்பும்போது அவன் அதைத்தான் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான்.