மடுல்சீமையில் ஓர் உலக முடிவு இருக்கிறது, தெரியுமா?

மலை ஏற இமயமலைக்குத்தான் போகவேண்டுமா? பதுளையில் பஸ் ஏறி, பசறையைத் தாண்டி மடுல்சீமையில் இறங்குங்கள்! தேயிலை மலைகளுக்கு நடுவே ஏறிப் புல்வெளிக்கு வந்தால், திடீரென்று கால் வைக்க நிலமே இல்லை! அதுதான் பிட்டமாருவ, நம்மவர்கள் சொல்லும் சிறிய உலக முடிவு!

நிற்கிற இடம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே. கீழே விரியும் மகியங்கனைச் சமவெளியோ வெறும் 100 மீட்டர் அளவில்! குளிரில் பல் கிட்டிக்கொண்டே, வெயிலில் காயும் வயல்களைப் பார்க்கலாம்! வானம் வெளுத்திருந்தால் நக்கிள்ஸ் மலைத்தொடரும் கண்ணுக்குத் தெரியும்!

இந்தப் பாறையா, இமயமா, எது மூத்தது, சொல்லுங்கள் பார்ப்போம்? இமயம் எழத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். இலங்கை மலைநாட்டுப் பாறைகள் பூமிக்கடியில் வெந்து உருமாறியதோ சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்! அன்று இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலம்!

கச்சான் காற்று தெரியுமா? தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கும். மலையைத் தாண்டி இந்த ஊவா மாகாணத்துக்குள் இறங்கும்போது அதே காற்று ஈரமே இல்லாமல் வறண்டு வீசும், அதுதான் கச்சான்! ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று பட்ட கொழுந்தின் மணம்தான் ஊவா தேயிலைக்கு உலகப் புகழ் தந்தது! கூடாரம் கட்டுகிறவர்களே, அந்த மாதங்களில் முளையை ஆழமாக அடியுங்கள்!

சரி, இந்த மலைகளில் உண்மையான மலையேற்ற வீரர்கள் யார்? 19ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர்கள்தான்! காட்டு வழியே மாத்தளை வரைக்கும் மட்டும் 200 கிலோமீட்டருக்கு மேல்! அதற்குப் பிறகுதான் மலையே தொடங்கும்! வழியில் காலராவுக்குப் பலியானவர்கள் எத்தனையோ பேர். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல்தான்! காலில் பூட்ஸ் இல்லை, கையில் வரைபடம் இல்லை. இமயம் ஏறியவர்களுக்குப் பதக்கம் உண்டே, இவர்களுக்கு?

இன்றும் அந்தச் சரிவில் தினமும் ஏறுகிறார்கள் நம் பெண்கள்! ஒரு கிலோ தேயிலைத்தூளுக்குச் சுமார் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும், தெரியுமா? அவ்வளவும் முதுகுச் சுமையாகத்தான் இறங்குகிறது!

போகிறீர்களா? ஹோட்டன் சமவெளி மாதிரி இங்கே வசதிகளை எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர், சாப்பாடு, டார்ச் எல்லாம் நீங்கள்தான் சுமக்கவேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் புல் எங்கே முடிகிறது என்றே தெரியாது; விழுந்து உயிர்விட்டவர்களும் இருக்கிறார்கள். விளிம்புக்குப் போய் செல்ஃபி வேண்டவே வேண்டாம்! தோட்டத்து ஆட்களிடம் வழி கேட்டுப் போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை அப்படியே திருப்பிக் கொண்டுவாருங்கள். லயத்துச் சனங்கள் குடிப்பது அந்த மலைத் தண்ணீரைத்தான்!