கடலுக்கு இட்ட உரம்

2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மன்னார் வளைகுடாவில் மண்டபத்தை அடுத்த கடல்நீர் பச்சை நிறமாக மாறி, மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அந்தப் பசுமையை அங்குள்ள மீனவர்கள் 'பூங்கோரை' என்கிறார்கள். செய்தித்தாளில் இதைப் படித்துவிட்டு வந்த மாணவர் ஒருவர், "கடலில் நஞ்சைக் கலந்தவர் யார்?" என்று என்னைக் கேட்டார். நீரில் ஒன்று கொடியது ஆவதற்கு நஞ்சு வேண்டுவதில்லை, உணவு மிகுந்தாலே போதும் என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்ன விடையையே இன்று உங்களுக்கும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நிலத்தைப் போலவே கடலிலும் பயிர் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகளே அந்தப் பயிர். கடலில் வாழும் உயிர்களில் மிகப் பெரும்பாலானவை, நேராகவோ சுற்றி வளைத்தோ, இவற்றை உண்டே வாழ்கின்றன. வெயிலும் கரியமில வாயுவும் பாசிகளுக்குத் தாராளமாகக் கிடைக்கும். தட்டுப்பாடு ஏற்படுவது நைட்ரஜன் உப்புக்கும் பாஸ்பரஸ் உப்புக்குமே. அமெரிக்க அறிஞர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த ஒரு கணக்கு இருக்கிறது. இப்பாசிகளின் உடலில், சராசரியாக, 1 பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கரி அணுக்களும் அமைந்திருக்கின்றன என்பதே அக்கணக்கு. இதைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். சலவைத் தூளிலிருந்து சாக்கடை வழியாகக் கடலை அடையும் ஒவ்வொரு பாஸ்பரஸ் அணுவும், மற்றவை குறைவின்றிக் கிடைக்குமானால், 106 கரி அணுக்கள் கொண்ட பாசியுடலை வளர்க்க வல்லது. சிறு துளி பெருவெள்ளம் என்பது இங்கே வேறொரு பொருளில் உண்மையாகிறது.

பெருகிய பாசி என்றும் வாழ்வதில்லை. சில நாட்களில் மடிந்து அடியில் வீழ்கிறது. அதை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. கோடையில் மேல்நீர் சூடேறி இலேசாகி மேலேயே தங்கிவிடுவதால், செலவான பிராணவாயுவை ஈடுசெய்யப் புதிய காற்று கீழே இறங்குவதில்லை. அடித்தரையில் வாழும் நண்டும் சிப்பியும் மூச்சுமுட்டி மடிகின்றன.

பருவக்காற்றும் நீரோட்டமும் ஆழத்து உப்புக்களை மேலே கொணர்ந்து, மனிதன் கை படாமலே பாசியைப் பெருக்குவதுண்டு. ஆகையால் பச்சையான கடல் ஒவ்வொன்றுக்கும் நம்மையே குற்றம் சொல்வது சரியன்று. மனிதனின் பங்கு ஐயமின்றித் தெரியும் இடம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் நாம் ஜப்பானுக்குத்தான் செல்ல வேண்டும்.

அங்கே ஹொன்ஷூ, ஷிகோகு, கியூஷூ ஆகிய மூன்று பெருந்தீவுகளுக்கு நடுவே செட்டோ உள்நாட்டுக் கடல் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சராசரி ஆழமோ 40 மீட்டருக்கும் குறைவு. 1950-களிலும் 60-களிலும் அதன் கரையெங்கும் எஃகு ஆலைகளும் காகித ஆலைகளும் எண்ணெய் ஆலைகளும் எழுந்தன. ஆலைக் கழிவும் நகரக் கழிவும் அந்த ஆழமற்ற கடலில் கலந்தன. நீர் அடிக்கடி சிவக்கலாயிற்று. ஜப்பானியர் இதை 'அகாஷியோ', அதாவது செந்நீர், என்பர்.

1972-ஆம் ஆண்டுக் கோடையில் ஹரிமா என்னும் பகுதியில் சாட்டோனெல்லா என்ற நுண்பாசி பெருகிற்று. இது விந்தையான உயிர். இழை போன்ற உறுப்பால் நீந்தி, பகலில் வெயிலுக்காக மேலே வரும். இரவில் உப்புணவைத் தேடிக் கீழே இறங்கும். மீனின் செவுள்களைப் பழுதாக்கி மூச்சை அடைத்துவிடும். திறந்த கடலில் திரியும் மீன் விலகி ஓடலாம். வலைக்கூண்டில் வளர்க்கப்பட்ட மஞ்சள்வால் மீன் எங்கே ஓடும்? 1 கோடியே 40 இலட்சம் மீன்கள் மடிந்தன. நட்டம் 700 கோடி யென்னுக்கு மேல். கடன் வாங்கிக் குஞ்சு வாங்கி, தீனியிட்டு வளர்த்தவர்கள், விற்கும் பருவத்தில் அவற்றைத் தோண்டிப் புதைக்க நேர்ந்தது.

மறு ஆண்டே, 1973-இல், ஜப்பானியப் பாராளுமன்றம் அக்கடலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றிற்று. ஆலைக் கழிவைக் குறைத்தார்கள். பிறகு பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் கட்டுப்படுத்தினார்கள். பலன் உடனே கிட்டிவிடவில்லை. 1976-இல் மட்டும் 299 முறை செந்நீர் தோன்றிற்று. பின்னரே அது படிப்படியாகக் குறைந்து, ஆண்டுக்கு நூறு என்ற அளவை எட்டியது.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழி உங்கள் நாவில் எழுந்திருக்கும். என் மாணவரும் அதைத்தான் சொன்னார். ஆனால் செட்டோவின் கதை அந்தப் பழமொழியோடு நிற்கவில்லை.

அக்கடலில் குளிர்காலத்தில் நோரி என்னும் உணவுப் பாசியை வலைகளில் பயிரிடுகிறார்கள். சோற்றைச் சுற்றி உண்ண உதவும் கருமையான தாள் அதுதான். 1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்த நோரி பல ஆண்டுகளில் கருமை குன்றி வெளிறலாயிற்று. வெளிறிய நோரியை வாங்குவார் இல்லை. நீரில் நைட்ரஜன் போதாததே காரணம். இருந்த சிறிதையும் டயாட்டம் என்ற நுண்பாசிகள் முந்திக்கொண்டன. மீன்பிடிப்பும் குறைந்தது. நீரின் வெப்பம் கூடியது, கரையோரச் சேற்று நிலங்கள் தூர்க்கப்பட்டது என்று இதற்கு வேறு காரணங்களையும் அறிஞர் கூறுகின்றனர். அவை புறக்கணிக்கத் தக்கன அல்ல. எனினும், தெளிந்த கடலும் வளமான கடலும் ஒன்றல்ல என்பதை மீனவர்கள் தம் வருவாயிலேயே கண்டுகொண்டார்கள்.

2015-இலும் 2021-இலும் சட்டம் திருத்தப்பட்டது. ஹியோகோ மாநிலம் 2019-இல், கடல்நீரில் இவ்வளவுக்குக் குறையலாகாது என்றே எல்லை வகுத்தது: 1 லிட்டர் நீருக்கு நைட்ரஜன் 0.2 மில்லிகிராம், பாஸ்பரஸ் 0.02 மில்லிகிராம். மேல் எல்லையை மட்டுமே எண்ணிப் பழகிய அதிகாரிகளுக்கு இது புதுமையாகத்தான் இருந்திருக்கும். சில இடங்களில் உழவரும் மீனவரும் கூடிப் பாசனக் குளங்களைத் திறந்து, அடிச்சேற்றைக் கலக்கிக் கடலுக்கு விடுகிறார்கள். நம் ஊரில் ஏரி வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு இடுவார்கள். அவர்கள் கடலுக்கு இடுகிறார்கள்.

"அப்படியானால் பழையபடி சாக்கடையைத் திறந்துவிடலாமே?" என்று மாணவர் கேட்டார். திறப்பது பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். நோரி வளரும் அந்த மாதங்களில், சுத்திகரிப்பு நிலையங்கள் சில, நைட்ரஜனை முழுவதும் நீக்காமல் சிறிது விட்டுவைக்கின்றன. கோடை வந்ததும் மறுபடியும் கட்டுப்பாடு இறுகுகிறது. ஏனெனில், சாட்டோனெல்லாவின் உறங்கும் வித்துக்கள் இன்னும் அக்கடலின் அடிச்சேற்றில் கிடக்கின்றன; நீர் சூடேறும்போது அவை முளைக்கும்.